பிஎச் 7.1: பைகார்ப் ஏற்றுவதா, பொறுப்பதா, வேறு வழியா?

ஏபிஜி (தமனி ரத்தத்தின் அமிலத்தையும் வாயுக்களையும் அளக்கும் சோதனை) தாளில் பிஎச் 7.1, அதாவது ரத்தம் மிகவும் அமிலமாகிவிட்டது என்று வந்ததும் வார்டில் முதலில் வரும் கேள்வி, "சார், பைகார்ப் போட்டுடலாமா?" என்பதுதான். பைகார்ப் என்பது அமிலத்தை முறிக்கும் சோடியம் பைகார்பனேட் ஊசி மருந்து. கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. ஆம்பூல் எமர்ஜென்சி டிராலியிலேயே இருக்கிறது, விலை மலிவு, உடைத்து ஏற்ற ஐந்து நிமிடம் போதும். அடுத்த ஏபிஜியில் எண் கொஞ்சம் ஏறியிருக்கும், எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அந்த நேரத்தில் நம் கையில் வேறு வழிகளும் இருக்கின்றன. பைகார்ப் தொடாமல் காரணத்தை மட்டும் கவனிக்கலாம். ஆம்பூலை அப்படியே தள்ளாமல் நீர்த்து மெதுவாக ஓடவிடலாம். ஓடிக்கொண்டிருக்கும் சலைனை நிறுத்தி ஆர்எல் என்னும் ரிங்கர் லாக்டேட் திரவத்துக்கு மாறலாம். டயாலிசிஸுக்கு ஏற்பாடு செய்யலாம். ஐசியூவுக்குப் பயிற்சிக்கு வரும் டாக்டர்களையும் சிஸ்டர்களையும் மனதில் வைத்து இந்த வழிகளை ஒப்பிட்டு எழுதுகிறேன். பெரியவர்களுக்கான கணக்கு இது. குழந்தைகளுக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிஎச் எண் எவ்வளவு பயமுறுத்தினாலும் அதை மட்டும் வைத்து ஆம்பூலை உடைக்கக் கூடாது. அமிலம் எங்கிருந்து வருகிறது, ஏற்றிய பிறகு உண்டாகும் கார்பன் டை ஆக்சைடை இந்த நோயாளியால் மூச்சில் வெளியேற்ற முடியுமா, சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டால் பெரும்பாலும் பதில் தானாகவே வந்துவிடும்.

முதலில் மூச்சு

பைகார்பனேட் அமிலத்தோடு சேர்ந்தால் தண்ணீரும் கார்பன் டை ஆக்சைடும் ஆகிறது. பாடப்புத்தகத்தில் ஒரு வரி, படுக்கையருகில் அதுதான் எல்லாமே. 100 மில்லிமோல் பைகார்ப் முழுவதும் அமிலத்தை முறிக்கச் செலவானால் 2.24 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு உண்டாகும். ஓய்வில் இருக்கும் ஒரு பெரியவர் நிமிடத்துக்குச் சுமார் 200 மிலி வெளியேற்றுகிறார். அப்படியென்றால் அது அவருடைய பதினோரு நிமிடச் சுமை. அதை இரண்டு நிமிடத்தில் தள்ளிவிட்டு, ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் ஆளிடம் இதையும் சேர்த்து ஊதித் தள்ளு என்கிறோம்.

எண்களில் பார்ப்போம். ரத்தத்தில் பைகார்பனேட் 8, கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் (இனி சுருக்கமாகக் கார்பன்) 20 என்றால் பிஎச் 7.22. பைகார்ப் கொடுத்து 8-ஐ 10 ஆக்கினோம். கார்பன் 20-லேயே நின்றால் பிஎச் 7.32. நல்ல முன்னேற்றம். அதுவே கார்பன் 25-க்கு ஏறிவிட்டால் பிஎச் மறுபடியும் அதே 7.22. சோடியமும் தண்ணீரும் உள்ளே போனதுதான் மிச்சம். அது மட்டுமல்ல, கார்பன் டை ஆக்சைடு செல்லுக்குள் சுலபமாக நுழையும், பைகார்பனேட் அவ்வளவு வேகமாக நுழையாது. வெளியே ரத்தத்தில் எண் நன்றாகத் தெரியும்போதே இதயத் தசை செல்லுக்குள் அமிலம் கூடியிருக்கலாம்.

ஆகவே ஆம்பூலைத் தொடும் முன் ஒரு சின்னக் கணக்கு. பைகார்பனேட்டை ஒன்றரையால் பெருக்கி எட்டைக் கூட்டினால், அந்த நோயாளிக்கு இருக்க வேண்டிய கார்பன் அழுத்தம் வரும். இரண்டு முன்பின் இருக்கலாம். பைகார்பனேட் 8 என்றால் 20. தாளில் 38 என்று இருந்தால் அவர் களைத்துப்போகிறார் என்று அர்த்தம். அதே பைகார்பனேட் 8-க்கு கார்பன் 38 என்றால் பிஎச் 6.95. இந்த நோயாளிக்குத் தேவை மூச்சுக்கு உதவி. வென்டிலேட்டரில் போட்டு கார்பனைச் சரியான அளவுக்கு இறக்கினாலே ஒரு துளி பைகார்ப் இல்லாமல் 7.2 பக்கம் வந்துவிடுவார்.

இதன் மறுபக்கமும் உண்டு. நிமிடத்துக்கு 36 தடவை ஆழமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தவரை மயக்கி, ட்யூப் போட்டு, மெஷினில் வழக்கம்போல் 14 என்று வைத்துவிட்டு ஏபிஜிக்குக் காத்திருப்பது. அந்தக் கால் மணி நேரத்தில் நடக்கும் சேதத்தை எத்தனை ஆம்பூலாலும் ஈடுகட்ட முடியாது. ட்யூப் போட்ட கையோடு மூச்சு எண்ணிக்கையை உயர்த்தி வையுங்கள்.

செப்சிஸும் லாக்டேட்டும்

அதிகச் சண்டை நடக்கும் இடம் இது. செப்சிஸ், அதாவது கடும் நோய்த்தொற்றால் உறுப்புகள் தடுமாறும் நிலை. ரத்த அழுத்தம் இல்லை, ரத்தத்தில் சேரும் லாக்டேட் 9, பிரஷரைத் தூக்கும் நோராட்ரீனலின் மருந்தின் அளவு ஏறிக்கொண்டே போகிறது. பிஎச் ஏறினால் நோராட்ரீனலின் நன்றாக வேலை செய்யும் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. 1990-ல் கூப்பரும் சகாக்களும் 14 நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். ஒரே ஆளுக்கு ஒருமுறை பைகார்பும் ஒருமுறை அதே அளவு சோடியம் உள்ள சலைனும். பைகார்பில் பிஎச் ஏறியது. இதயத்தின் இயக்கத்திலோ ரத்த அழுத்தத்திலோ சலைனைவிட எந்த மேன்மையும் தெரியவில்லை. அயனி கால்சியம் (ரத்தத்தில் எதனோடும் ஒட்டாமல் வேலை செய்யும் கால்சியம்) இறங்கியது, கார்பன் ஏறியது. சிறிய ஆய்வுதான், ஆனால் "பிரஷர் நிக்கலை, பைகார்ப் போடு" என்ற வாதம் அதிலேயே ஆட்டம் கண்டுவிட்டது.

அப்புறம் பெரிய ஆய்வு வர 2018 ஆகிவிட்டது. பிரான்சில் 26 ஐசியூக்களில் 389 பேர், பிஎச் 7.20 அல்லது அதற்குக் கீழ். ஒரு பாதிக்கு 4.2 சதவீத பைகார்ப், அரை மணியில் 125 முதல் 250 மிலி வரை, நாளுக்கு அதிகபட்சம் ஒரு லிட்டர், இலக்கு 7.30. மறு பாதிக்கு அது இல்லை. இறப்பு, உறுப்புச் செயலிழப்பு இரண்டையும் சேர்த்துப் பார்த்த முதன்மை முடிவில் பைகார்ப் பக்கம் 66 சதவீதம், மறுபக்கம் 71 சதவீதம். தற்செயல் இல்லை என்று சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. ஆனால் சிறுநீரகம் நடுத்தரமாகவோ கடுமையாகவோ அடிபட்டிருந்தவர்களைத் தனியாகப் பார்த்தால், 28 நாள் இறப்பு பைகார்ப் பக்கம் 46, மறுபக்கம் 63 சதவீதம். ஐசியூ உலகமே இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டது. 2021-ல் வந்த செப்சிஸ் வழிகாட்டியும், ரத்த அழுத்தத்தைத் தூக்கவோ நோராட்ரீனலினைக் குறைக்கவோ பைகார்ப் வேண்டாம், பிஎச் 7.2 அல்லது அதற்குக் கீழே இருந்து சிறுநீரகமும் அடிபட்டிருந்தால் கொடுக்கலாம் என்று பிரித்துச் சொன்னது.

அதே பிரெஞ்சுக் குழு அந்தச் சிறுநீரகப் பிரிவை மட்டும் எடுத்து, 600-க்கும் மேற்பட்டவர்களோடு மறுபடி ஆய்வு செய்து 2025-ல் வெளியிட்டது. 90 நாள் இறப்பு இரு பக்கமும் ஏறக்குறைய 62 சதவீதம். முன்பு கண்ட அந்தப் பெரிய வித்தியாசம் காணாமல் போனது. உட்பிரிவில் கிடைத்த வெற்றி தனி ஆய்வில் கரைந்துபோவது மருத்துவத்தில் புதிதல்ல. ஆனால் ஒன்று மட்டும் இரண்டு ஆய்விலும் நிலைத்தது. டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள் முதல் ஆய்வில் 52-லிருந்து 35 சதவீதமாகவும், இரண்டாவதில் 50-லிருந்து 35 சதவீதமாகவும் குறைந்தார்கள். இதில் ஒரு சின்ன நெருடல் உண்டு. பிஎச் குறைவு என்பதே டயாலிசிஸ் தொடங்க ஒரு காரணமாக இருக்கும்போது, பிஎச்சை ஏற்றும் மருந்து டயாலிசிஸைக் குறைப்பதில் ஆச்சரியம் என்ன? இருந்தாலும் டயாலிசிஸ் மெஷின் பக்கத்து மாவட்டத்தில் இருக்கும் மருத்துவமனைக்கு இந்தப் பதினைந்து சதவீதம் லேசான விஷயமில்லை. செப்சிஸில் சிறுநீரகம் நன்றாக இருந்தால் பொறுப்பேன், சிறுநீரகமும் விழுந்து பிஎச் 7.2-க்குக் கீழே போனால் நீர்த்துக் கொடுப்பேன். உயிரைக் காப்பாற்றும் என்று குடும்பத்தாரிடம் சொல்ல மாட்டேன். டயாலிசிஸைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ உதவலாம் என்பேன்.

சர்க்கரை நோயின் கீட்டோ அமிலம்

இங்கே விடை எளிது. பெரும்பாலும் வேண்டாம். இன்சுலின் ஏறினால் கீட்டோன் உற்பத்தி நிற்கும், ஏற்கெனவே இருக்கும் கீட்டோனையே உடல் பைகார்பனேட்டாக மாற்றிக்கொள்ளும். முன்கூட்டியே வெளியிலிருந்தும் கொடுத்தால் கடைசியில் மிகுந்துபோகும். 2009-ன் அமெரிக்க வழிகாட்டி பிஎச் 6.9-க்குக் கீழே என்று கோடு போட்டது, 2024-ல் 7.0-க்குக் கீழே என்றார்கள். அப்போதும் 100 மில்லிமோலை 400 மிலி ஸ்டெரைல் வாட்டரில் கலந்து இரண்டு மணி நேரத்தில் ஓடவிடும் கணக்குதான். பொட்டாசியம் 3.5-க்குக் கீழே இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும், ஏனென்றால் இன்சுலினும் பைகார்பும் இரண்டுமே அதை இன்னும் கீழே தள்ளும். குழந்தைகளில் பைகார்ப் கொடுத்தவர்களுக்கு மூளை வீக்கம் கூடுதலாகக் காணப்பட்டதை 2001-லேயே எழுதிவிட்டார்கள். அங்கே இன்னும் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

பொறுப்பதுதான் தவறாகும் இடங்கள்

மேலே எழுதியதை மட்டும் படித்துவிட்டு "பைகார்பே வேண்டாம்" என்ற கட்சியில் சேர்ந்துவிடுபவர்களும் உண்டு. அவர்கள் தடுமாறும் இடங்கள் இவை.

லாக்டேட்டும் கீட்டோனும் எரிந்து பைகார்பனேட்டாகத் திரும்பக்கூடியவை. உடம்பிலிருந்து பைகார்பனேட்டே வெளியேறிவிட்டால் திரும்ப எதுவும் இல்லை. கடுமையான பேதி, குடலில் ஓட்டை வழியே வடிதல், சிறுநீரகக் குழாய் கோளாறு எல்லாம் இந்த வகை. ஆனயான் கேப் (சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழித்தால் வரும் எண்) சாதாரணமாக இருக்கும், குளோரைடு ஏறியிருக்கும். இங்கே பைகார்ப் கொடுப்பது இழந்ததை ஈடுகட்டுவது. இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1832-ல் காலரா பரவியபோது ஸ்காட்லாந்தின் லீத் நகரில் தாமஸ் லாட்டா நரம்பு வழி ஏற்றிய திரவத்திலேயே உப்போடு சோடாவும் இருந்தது.

நம் பக்கத்துக்கே உரிய ஒன்று ஒடுவந்தழை விஷம். நில்லிப்பாலை என்றும் சொல்வார்கள். வேலூர் சிஎம்சியிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். சிறுநீரகக் குழாயின் அமிலம் வெளியேற்றும் வேலை கெடுகிறது, பொட்டாசியம் சிறுநீரில் கொட்டிப்போகிறது. நோயாளி முதல் நாள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். ஏபிஜியில் பிஎச் குறைவு, பைகார்பனேட் குறைவு, கேப் சாதாரணம். இங்கே பைகார்ப் தேவைப்படும். ஆனால் எந்த வரிசையில் என்பதில்தான் உயிர் இருக்கிறது. பொட்டாசியம் 2.4 இருக்கும்போது பைகார்பை ஓடவிட்டால் பொட்டாசியம் செல்லுக்குள் இன்னும் நுழைந்து, தாறுமாறான இதயத் துடிப்பில் கொண்டுபோய் விட்டுவிடும். பொட்டாசியம் முதலில், அதுவும் மானிட்டர் பார்த்துக்கொண்டே. பைகார்ப் அதன் பின்னால், மெதுவாக. இந்த விஷத்துக்கு முறிவு மருந்து கிடையாது, அதனால் இந்த இரண்டு திரவங்களையும் நாட்கணக்கில் நிதானமாக நடத்துவதே சிகிச்சையின் பெரும்பகுதி.

அடுத்தது மெத்தனால். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்கு முந்தைய வருடம் மே மாதத்தில் விழுப்புரம், செங்கல்பட்டு. மெத்தனால் உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. ரத்தம் அமிலமாக இருக்கும்போது அந்த அமிலம் மின்னூட்டம் இல்லாத வடிவில் கண் நரம்புக்குள்ளும் மூளைக்குள்ளும் நுழையும். பிஎச் ஏறினால் மின்னூட்டம் பெற்ற வடிவில் ரத்தத்திலேயே நிற்கும், சிறுநீரிலும் கொஞ்சம் போகும். பார்வையைக் காப்பாற்றும் முயற்சியில் பைகார்புக்கு நேரடிப் பங்கு இருக்கும் இடம் இது. இங்கே 7.2 வரை பொறுத்திருக்கத் தேவையில்லை, 7.3-க்கு மேல் கொண்டுவரப் பார்க்க வேண்டும், அளவும் தாராளமாகத் தேவைப்படும். ஆனால் உற்பத்தியை நிறுத்தாமல் பைகார்ப் மட்டும் ஊற்றுவது வீண். மெத்தனால் அமிலமாக மாறுவதைத் தடுக்கும் ஃபோமெபிசோல் அல்லது எத்தனால், அதோடு ஃபோலினிக் அமிலம், டயாலிசிஸ் எல்லாம் கூடவே ஓட வேண்டும். பிஎச் 7.15 அல்லது அதற்குக் கீழ், பார்வைக் கோளாறு, மயக்கம், வலிப்பு என்று எது இருந்தாலும் டயாலிசிஸ்தான் என்று நச்சியல் நிபுணர்கள் சொல்கிறார்கள்.

ஆஸ்பிரின் விஷத்திலும் பைகார்புக்கு உறுதியான இடம் உண்டு. ட்ரைசைக்ளிக் மனநல மாத்திரைகள் அதிகமானால் ஈசிஜியில் கியூஆர்எஸ் என்னும் துடிப்பு அலை அகலும். அங்கே கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிமோல் வேகமாகவே தள்ள வேண்டும், ஏனென்றால் அடைபட்ட சோடியம் வாசலைத் திறக்கச் சோடியமும் காரத்தன்மையும் சேர்ந்து தேவை. இதயம் நின்றுபோன நேரத்தில் வழக்கமாகக் கொடுப்பதில்லை. பொட்டாசியம் ஏறியதால் நின்றது, இந்த மாத்திரையால் நின்றது என்றால் மட்டும்.

ஆம்பூலா, ட்ரிப்பா

கொடுப்பது என்று முடிவாகிவிட்டது. இனி எப்படி என்பதில்தான் பெரும்பாலான விபத்துகள் நடக்கின்றன.

நம் ஊர் ஆம்பூல் பெரும்பாலும் 7.5 சதவீதம், 10 மிலி அல்லது 25 மிலி. வெளிநாட்டுப் புத்தகங்கள் 8.4 சதவீதத்தை வைத்து எழுதப்பட்டவை, அதில் 1 மிலிக்கு 1 மில்லிமோல் என்று சுலபமாக முடிந்துவிடும். நம்முடையதில் 1 மிலிக்கு 0.9 தான். 25 மிலி ஆம்பூலில் 22 மில்லிமோல். லேபிளில் மில்லி ஈக்விவலன்ட் என்று போட்டிருந்தாலும் இந்த மருந்தில் அதுவும் மில்லிமோலும் ஒன்றே. "ரெண்டு ஆம்பூல் போடுங்க" என்று வாய்மொழியாகச் சொன்னால் 10 மிலி என்றால் 18, 25 மிலி என்றால் 45. மில்லிமோலில் எழுதுங்கள், பக்கத்தில் மிலியும் எழுதுங்கள்.

எவ்வளவு? எடையைப் பாதியாக்கி, ஏற்ற விரும்பும் வித்தியாசத்தால் பெருக்குவது பழைய கணக்கு. 60 கிலோ, பைகார்பனேட் 8, போக வேண்டிய இடம் 12 என்றால் 30 பெருக்கல் 4, அதாவது 120 மில்லிமோல். இலக்கை 24 என்று வைத்துக் கணக்குப் போடவே கூடாது. 120-ல் பாதியை, அதாவது 25 மிலி ஆம்பூல் மூன்றுக்குக் கொஞ்சம் குறைவாக, முதலில் கொடுத்துவிட்டு மறுபடி ஏபிஜி. அமிலம் அதிகமாக இருக்கும்போது ஏற்றியது உடலில் பரவும் பரப்பும் பெரிதாகிவிடும், சூத்திரம் குறைத்தே காட்டும். அதனால் கணக்கைவிடத் திரும்பப் பார்ப்பது முக்கியம்.

தள்ளுவதையும் ஓடவிடுவதையும் ஒப்பிட்டால், வேகம் தேவைப்படும் சில நிலைகளைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஓடவிடுவதே மேல். 8.4 சதவீதத்தின் அடர்த்தி லிட்டருக்கு 2000 மில்லிஆஸ்மால், 7.5-லும் 1800 பக்கம். ரத்தம் 290 பக்கம்தான். கை நரம்பில் இது வெளியே கசிந்தால் தோலும் சதையும் செத்துப் புண்ணாகும். சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தநாளத்தில் போடும் குழாய்) இல்லையென்றால் கட்டாயம் நீர்த்தே கொடுக்க வேண்டும். மேலே சொன்ன பிரெஞ்சு ஆய்வின் 4.2 சதவீதம் வேண்டுமானால் 25 மிலி ஆம்பூலோடு 20 மிலி ஸ்டெரைல் வாட்டர் சேர்த்தால் கிட்டத்தட்ட அதுவே. இன்னும் மென்மையாக வேண்டுமா, 500 மிலி 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் பையிலிருந்து 85 மிலியை எடுத்துவிட்டு 85 மிலி பைகார்பைச் சேர்த்தால் லிட்டருக்கு 150 மில்லிமோல் அளவு வரும். சர்க்கரை எகிறியிருக்கும் நோயாளிக்கு இந்தக் கலவை சரிவராது. நார்மல் சலைனில் கலக்காதீர்கள். அதிலேயே 154 சோடியம் இருக்கிறது, இதையும் சேர்த்தால் இரட்டிப்பாகும். ஸ்டெரைல் வாட்டர் பையை மருந்து சேர்க்காமல் தனியாக ஒருபோதும் மாட்டக் கூடாது, சிவப்பணுக்கள் வெடித்துவிடும்.

ஆர்எல் ஓடும் லைனில் பைகார்பை விட்டால் அதிலிருக்கும் கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளையாகத் திரியும். கால்சியம் குளுக்கோனேட்டுக்கும் அதே கதை. நோராட்ரீனலின், அட்ரீனலின் போன்றவை காரத்தில் வீரியம் இழக்கும். பிரஷருக்கு மருந்து ஓடும் அதே லைனில் பைகார்பைத் தள்ளிவிட்டு, பிரஷர் விழுகிறதே என்று இன்னொரு ஆம்பூல் கேட்பது எந்த ஐசியூவிலும் நடக்கக்கூடியது. தனி லைன் அல்லது மூன்று வழி லைனில் தனி வழி. இதில் சிஸ்டர்கள் டாக்டர்களைவிட உஷார் என்பது என் அபிப்பிராயம்.

ஓட ஆரம்பித்த பிறகு ஏபிஜியோடு பொட்டாசியம், அயனி கால்சியம், சோடியம் மூன்றையும் பார்க்க வேண்டும். பிஎச் ஏறும்போது கால்சியம் அதிகமாக ஆல்புமினில் ஒட்டிக்கொள்ளும், இதயத்துக்கு மிச்சமாவது குறையும். "பைகார்ப் போட்டும் பிரஷர் ஏறலை" என்பதற்கு இதுவும் ஒரு காரணம். மொத்தக் கால்சியம் ரிப்போர்ட்டில் இது தெரியாது, ஏபிஜி மெஷின் கொடுக்கும் அயனி கால்சியம்தான் கணக்கு. நுரையீரலில் நீர் கோத்திருப்பவருக்கும், சிறுநீர் வராதவருக்கும் சோடியச் சுமையையும் கூட்டிப் பார்க்க வேண்டும். 50 மில்லிமோல் பைகார்ப் என்றால் 325 மிலி சலைனில் இருக்கும் அளவு சோடியம்.

வேறு திரவங்கள்

பலர் மறந்துவிடும் வழி, கெடுப்பதை நிறுத்துவது. நார்மல் சலைனில் குளோரைடு 154. லிட்டர் லிட்டராக ஏற்றினால் அதுவே ஒரு அசிடோசிஸை, அதாவது ரத்தத்தில் அமில மிகுதியை உண்டாக்கும். மூன்று லிட்டர் சலைனுக்குப் பிறகு லாக்டேட் இறங்கியும் பிஎச் ஏறவில்லை என்றால் குளோரைடைப் பாருங்கள். ஆர்எல்லில் 28 மில்லிமோல் லாக்டேட் இருக்கிறது. அது சோடியம் லாக்டேட், அமிலம் இல்லை. கல்லீரல் அதை எரித்துப் பைகார்பனேட் ஆக்கும். அதனால்தான் லாக்டேட் ஏறியவருக்கு ஆர்எல் கூடாது என்ற பயத்துக்கு அர்த்தமில்லை. கல்லீரல் அறவே செயலிழந்தவருக்கு அசிடேட் உள்ள ப்ளாஸ்மாலைட் போன்றவை மேல். சிறுநீரகம் கெட்டவருக்கு ஆர்எல்லில் பொட்டாசியம் இருக்கிறதே என்பதும் பழைய பயம். அதில் இருப்பது 4 தான். சிறுநீரக மாற்று அறுவையில் இரண்டையும் ஒப்பிட்டபோது சலைன் பக்கம்தான் பொட்டாசியம் அதிகம் ஏறியது, அமிலம் ஏறியதால். ஆனால் பிஎச் 7.0-ல் தத்தளிப்பவரை ஆர்எல் மட்டும் தூக்கிவிடும் என்று நம்ப வேண்டாம். அது மெதுவான வழி.

ட்ரோமெத்தமின் என்று ஒன்று உண்டு, தாம் என்பார்கள். கார்பன் டை ஆக்சைடை உண்டாக்காமல் அமிலத்தை வாங்கிக்கொள்ளும், சோடியச் சுமையும் இல்லை. காகிதத்தில் பைகார்பைவிட அழகு. ஆனால் சிறுநீர் வழியே வெளியேற வேண்டியது, சிறுநீர் நின்றுபோனவருக்குக் கூடாது. சர்க்கரை இறங்கலாம், பொட்டாசியம் ஏறலாம், மூச்சு மந்தமாகலாம். இதற்கெல்லாம் மேலே, பெரும்பாலான மருந்தகங்களில் அது கிடைக்காது. கார்பனும் சோடியமும் இரண்டுமே ஏறியிருக்கும் அபூர்வ நோயாளிக்கு நல்ல மருந்து என்று தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

டயாலிசிஸ் வரும் வரை

டயாலிசிஸ் பைகார்பனேட்டையும் கொடுக்கும், பொட்டாசியத்தை இறக்கும், தண்ணீரையும் எடுக்கும், மெத்தனால் போன்ற விஷத்தையும் வெளியே இழுக்கும். ஆம்பூலால் இதில் ஒன்றைத்தான் செய்ய முடியும். சிறுநீர் அறவே இல்லை, நுரையீரலில் நீர், பொட்டாசியம் ஏழைத் தொடுகிறது என்றால் ஒப்பீட்டுக்கே இடமில்லை. சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மின் எடுத்துக்கொண்டு லாக்டேட் 20-க்கு மேல் அல்லது பிஎச் 7.0-க்கு வந்தவருக்கும் அதுவே. மற்றபடி சிறுநீரகம் அடிபட்டதும் ஓடிப்போய் டயாலிசிஸ் தொடங்குவதால் உயிர் பிழைப்பு கூடுவதில்லை என்று கடந்த பத்து வருட ஆய்வுகள் காட்டிவிட்டன. பிஎச் மட்டும்தான் பிரச்சினை என்றால் ஒரு சுற்று பைகார்ப் கொடுத்துச் சில மணி நேரம் பார்ப்பது நியாயமான வழி.

தாலுகா மருத்துவமனையில் இருப்பவருக்கு இது வேறு விதமான முடிவு. மெஷின் இருக்கும் இடம் 108-ல் இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்தைக் கடக்க நீர்த்த பைகார்ப் ஓடவிடுவதை நான் ஆதரிக்கிறேன், மூச்சு சரியாக இருந்தால், பொட்டாசியம் தெரிந்திருந்தால். பொட்டாசியம் அதிகம் என்றால் கால்சியம் குளுக்கோனேட்டும் இன்சுலின் டெக்ஸ்ட்ரோஸும் முதலில், தனி லைனில். பைகார்ப் மட்டும் கொடுத்துவிட்டுப் பொட்டாசியம் இறங்கிவிடும் என்று அனுப்பாதீர்கள், குறுகிய நேரத்தில் அதனால் பெரிதாக இறங்குவதில்லை. வழியில் மூச்சு திணறத் தொடங்கினால் பைகார்பை நிறுத்திவிடும்படி ஆம்புலன்ஸில் கூடப் போகிறவரிடம் சொல்லி அனுப்புங்கள். ரெஃபரல் தாளில் "பைகார்ப் கொடுக்கப்பட்டது" என்று மட்டும் எழுதினால் அங்கே இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. எத்தனை மில்லிமோல், எத்தனை மணிக்குத் தொடங்கியது, அதற்கு முன் எடுத்த ஏபிஜியில் பிஎச்சும் கார்பனும் எவ்வளவு, கடைசிப் பொட்டாசியம், கால்சியம் எவ்வளவு என்று எழுதி, அந்த ஏபிஜி தாளையும் சேர்த்துப் பின் பண்ணி அனுப்புங்கள். அச்சு மங்கும் தெர்மல் பேப்பர் என்றால் போனில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.